தையலுக்கு விட்ட இடம்

சாத்தனேரிக்கும் பெரியவல்லத்துக்கும் நடுவே, தண்டவாளம் பிடுங்கிப் பதின்மூன்று வருஷமாகச் சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்த ரயில் மேட்டை ஊர்க்காரர்கள் கூடி வெட்டத் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை, எட்டு நாற்பதுக்கு, பாசஞ்சர் வண்டியின் நிழல் வந்தது. வண்டி வரவில்லை, சத்தம் வரவில்லை, தரை அதிரவும் இல்லை. நிழல் மட்டும், எஞ்சினும் ஆறு பெட்டிகளுமாக, கிழக்கு வெயிலுக்கு மேட்டின் மேற்கு ஓரத்தில் நீளமாக விழுந்து, சரளைக் கல்லின் மேல் ஏறி இறங்கி, வடக்கேயிருந்து அவசரமில்லாமல் வந்து, பழைய நிறுத்தம் இருந்த இடத்தில் இரண்டு நிமிஷம் நின்று, பிறகு தெற்கே போனது. அரிவாளும் மண்வெட்டியுமாக நின்றவர்கள் வண்டிக்கு ஒதுங்குகிறவர்களைப் போல ஒதுங்கி நின்றார்கள். பரமன் தன் ஜேசிபியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டுதே! ஓடுன காலத்துல ஒரு நாளாவது இப்படி வந்திருக்கா?" என்றான். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, நிழல் கண்ணுக்கு மறைந்ததும் மறுபடி வெட்டத் தொடங்கினார்கள்.

அந்த மேட்டை அவர்கள் வெட்டியது ரயிலுக்காக இல்லை. சாத்தனேரிப் பிள்ளைகள் பெரியவல்லம் பள்ளிக்கூடத்துக்கு நான்கு கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓரமாகத்தான் நடந்து போனார்கள், அந்தச் சாலையின் வளைவில் சென்ற ஆடியில் ஒரு லாரி பரமனின் மகள் முத்துக்கனியை அடித்துவிட்டுப் போனது, ஏழாம் வகுப்புப் பிள்ளை, புத்தகப்பை ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கிடந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பரமன் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஞானமுத்துவிடம் போய், "அந்த ரயில் மேட்ட நடபாதையாக்கிரலாம் மாஸ்டர், டீசல் என் பொறுப்பு" என்றான். அதிலிருந்து பிறந்ததுதான் ரயில் மேட்டுப் பாதைக் குழு. மாஸ்டர் நாலு ஆபீஸ் ஏறி இறங்கி அனுமதிக் கடிதம் வாங்கிவந்தார், நாள்தோறும் வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்கு வந்தது, பாதைக்கு வரைபடம் போட்டது தையல்கடை செண்பகவல்லி.

செண்பகவல்லிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஜாக்கெட் வெட்ட வைத்திருந்த பழுப்புக் காகிதத்தை நீளமாக ஒட்டி, தையல் டேப்பால் அளந்த அளவுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து, மேடு எங்கே இடிந்திருக்கிறது, ஓடைப்பாலம் எங்கே, பிள்ளைகள் உட்காரக் கல் எங்கே என்று நான்கு கிலோமீட்டரையும் ஒரு பாவாடைத் துணியைப் போல அவள் விரித்துக் காட்டினாள். பிள்ளைகள் போவது காலை வெயிலில் என்பதால் முதல் வரிசை மரங்கள் கிழக்கு ஓரத்தில்தான் நிற்க வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். பூவரசம் போத்து நானூறு. அது குச்சியை நட்டாலே பிழைத்துக்கொள்ளும் மரம்.

நிழல் தினமும் வந்தது. ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, பழகுவதில் எங்கள் பக்கத்து ஆட்களை மிஞ்ச முடியாது. அதைப் பார்த்துச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்திவைத்தார்கள், வேர்க்குருவால் அழுத கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அது கடக்கும் இடத்தில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதனோடு சேர்ந்து அதற்குள்ளேயே ஓடி அந்தக் கொஞ்ச தூரத்துக்காவது வெயிலிலிருந்து தப்பித்தார்கள். பிறகு யாரோ ஜன்னல்களைக் கவனித்தார்கள். நிழலுக்கு நடுவே ஜன்னல்கள் வெளிச்சக் கட்டங்களாக விழுந்தன, கட்டங்களில் தலைகள் இருந்தன. முண்டாசுத் தலை, முக்காட்டுத் தலை, ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கும் குழந்தை. அந்த வண்டியேறி எப்போதோ ஊரைவிட்டுப் போய்த் திரும்பாத ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்காரர்கள் மூக்கை வைத்தும் கொண்டையை வைத்தும் அடையாளம் கண்டுகொண்டார்கள். இரண்டாம் பெட்டியில் பரமனின் அம்மா இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியில் போனவள், வேனில் பிணமாக வந்தாள்; அப்போது ஆந்திராவில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்த பரமன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, அவனுக்கு அன்றும் அழுகை வரவில்லை, பிறகும் வரவில்லை.

செத்தவர்கள் மட்டும்தான் அதில் போகிறார்கள் என்று முதலில் நினைத்தார்கள். அதுவும் தப்பு என்று தெரிந்தது, ஏனென்றால் முதல் பெட்டி வாசலில் தகரப்பெட்டியோடு நின்ற ஒல்லிப் பையன் டிரில் மாஸ்டர் ஞானமுத்துவேதான். இருபது வயதில் பட்டாளத்தில் சேர உத்தரவு வந்து வண்டியேறிய அவரை, கிளம்பும் நேரத்தில் அவருடைய அப்பா கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார். அவர் போகவே இல்லை. ஆனாலும் நிழல் போய்க்கொண்டிருந்தது, மாஸ்டர் தன் வழுக்கைத் தலையைத் தடவியபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

செண்பகவல்லி தன்னவனைப் பார்த்தது நிழல் வரத் தொடங்கிய பதினோராம் நாள். மூன்றாம் பெட்டி, ஐந்தாம் ஜன்னல். பத்தொன்பது வருஷத்துக்கு முன், கல்யாணமாகி எட்டாவது மாதத்தில், ஏதோ ஒரு மில்லில் வேலை கிடைக்கும் என்று அந்த வண்டியில் போன தவசி, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, துண்டு காற்றில் பறக்க, போன அன்றைக்கு உட்கார்ந்திருந்தபடியே உட்கார்ந்திருந்தான். போனவன் ஒரு கடிதம் போடவில்லை. செத்தானா இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. தாலி கழுத்தில் இருந்தது, தலையில் பூ மட்டும் வைப்பதில்லை, நல்லதுக்கும் அவளை முன்னால் கூப்பிட மாட்டார்கள், கெட்டதுக்கும் கூப்பிட மாட்டார்கள். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பழகாதது ஒன்று அந்த நிழலில் இருந்தது. அவனுக்கு எதிர் இருக்கையில், நான்காம் ஜன்னலில், தலை நிறையப் பூ வைத்த ஒருத்தி அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஊரும் அதைப் பார்த்தது. 'அதானே பார்த்தேன்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டது. செண்பகவல்லி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, தினமும் எட்டு நாற்பதுக்கு வந்து நின்று அந்த இரண்டு ஜன்னல்களையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனாள். போய்த் தைத்த துணிகளில் அந்த மாதம் ஒரு தையல் கூடக் கோணியதில்லை. அவ்வளவு கோபம் அவளுக்கு.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும், வேலை செய்கிறவர்களுக்காக நிறுத்தத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல் போட்டார்கள். வழிப்போக்கர்களுக்கு மோர் ஊற்றாமல் இருப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை, நிழலில் போகிறவர்களும் வழிப்போக்கர்கள்தானே என்று, வண்டி நின்ற இரண்டு நிமிஷத்தில் ஜன்னல்களுக்கு நேரே டம்ளரை நீட்டினார்கள். நிழல் கை ஒன்று நீண்டு டம்ளரின் நிழலை வாங்கிக்கொண்டது. டம்ளரும் மோரும் நீட்டியவர் கையிலேயே இருந்தன, ஆனால் அந்த டம்ளர்களுக்கு அதற்குப் பிறகு நிழல் விழவில்லை. அவற்றை யாரும் புழங்காமல் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்தார்கள். இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. வந்தவர்களுக்கு வெயில் படுமே என்று மறுநாள் பந்தலை இன்னும் எட்டடி கிழக்கே இழுத்துக் கீற்று வேய்ந்தார்கள். வண்டி வந்து நின்றபோது இரண்டாம் பெட்டியின் மூன்று ஜன்னல்கள் பந்தலின் நிழலுக்குள் மூழ்கிப்போயின. வண்டி கிளம்பி வெயிலுக்கு வந்தபோது அந்த மூன்று கட்டங்களிலும் வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

பரமனின் அம்மா அந்த மூன்றில் நடு ஜன்னல். பரமன் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், பந்தல் போட்டவர்கள் அடி விழும் என்றே நினைத்தார்கள். அவன் ஜேசிபியில் ஏறி உட்கார்ந்தான். மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. பதினாலு வருஷத்து அழுகை, அம்மாவுக்கும், எட்டு மாதத்து அழுகை, மகளுக்கும், இரண்டும் சேர்ந்து வந்து, சாயங்காலம் வரை நிற்கவில்லை. மற்ற இரண்டு ஜன்னல்களின் வீடுகளிலும் அன்று அப்படியே நடந்தது.

"எறங்கிட்டா" என்றான் பரமன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எங்கம்மா எறங்கிட்டா. இவ்வளவு நாளும் போய்க்கிட்டே இருந்திருக்கா."

பாதை வேலை அங்கேதான் நின்றது. மரம் நட்டால் நான்கு கிலோமீட்டருக்கும் நிழல் விழும், நிழல் விழுந்தால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் காலியாகும். இருபது வருஷம் கழித்துத் தகப்பன் முகத்தைப் பார்க்கிறவன், அந்த முகம் நிழலாகவே இருந்தாலும், அதை மூட மரம் நடுவானா? மரமே வேண்டாம், வெறும் பாதை போதும் என்று பாதிப்பேர் சொன்னார்கள். அதே வாரம் மூன்று பிள்ளைகள் வெயில் தாங்காமல் வழியில் மயங்கி விழுந்தார்கள், நாலைந்து பெற்றோர் பிள்ளைகளைப் புளியமர நிழல் இருக்கிற நெடுஞ்சாலைக்கே திருப்பி அனுப்பினார்கள். முத்துக்கனி விழுந்த அதே வளைவைத் தாண்டித்தான் அவர்கள் போக வேண்டும்.

கூட்டத்தில் பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் எழுந்து, "என்னைய வச்சுப் பாத்துருவோம், நான் உசுரோட நிக்கேம்லா" என்றார். மறுநாள் எட்டு நாற்பதுக்கு முதல் பெட்டி வாசலுக்கு நேரே தன் குடையை விரித்துப் பிடித்தார். தகரப்பெட்டிப் பையன் குடை நிழலுக்குள் போனான், திரும்பி வெளியே வரவில்லை. மாஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் தூக்கம் வந்தது, வாழ்நாளில் பகலில் தூங்காத மனுஷன் பாயை விரித்துச் சாயங்காலம் வரை தூங்கினார்.

"முப்பத்தெட்டு வருஷமா பிரயாணம் பண்ணியிருக்கேன்" என்றார் எழுந்து. "உடம்பு அலுப்பு இப்பத்தான் தீந்துச்சு."

அதிலிருந்து ஊர் தனக்குத்தானே ஒரு முடிவுக்கு வந்தது. செத்தவர்கள் இறங்கினால் வீட்டுக்காரர்களுக்கு அழுகை வரும், உயிரோடு இருக்கிறவர்கள் இறங்கினால் தூக்கம் வரும், இரண்டுமே தேவையானதுதான். ஓடும் வண்டியிலிருந்து யாரும் இறங்குவதில்லை, வண்டி நிற்கிற இரண்டு நிமிஷத்தில் மேலே விழும் நிழல்தான் இறக்கும். ஜன்னலில் ஆள் இருக்கிற வீட்டார் அந்த ஜன்னலுக்கு நேரே தாங்களே மரம் வைப்பது, எப்போது என்பதை அவரவரே தீர்மானிப்பது, வேறு யாரும் அந்த இடத்தில் கைவைப்பதில்லை. சித்திரை முடிவதற்குள் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பூவரசம் போத்துகள், நுனியில் சாணி உருண்டையோடு, கிழக்கு ஓரத்தில் வரிசையாக நின்றன. ஒன்று குறைந்தது. நிறுத்தத்துக்கு நேரே, மூன்றாம் பெட்டி நிற்கிற இடத்தில், வரைபடத்திலேயே குறி இல்லை.

"இங்க என்னம்மா வெறும் காகிதமா இருக்கு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"தையலுக்கு விட்டிருக்கேன் மாஸ்டர்" என்றாள் செண்பகவல்லி. "ஓரத்துல கொஞ்சம் விடாம வெட்டுனா பின்னால பிரிச்சுத் தைக்க முடியாது."

அவர் காகிதத்தைச் சுருட்டி அவளிடமே கொடுத்தார். அவள் மனதில் இருந்தது இதுதான்: தவசி இறங்கினால் அவனோடு அவளும் இறங்குவாள், பூ வைத்த அந்தத் தலை. அவன் செத்திருந்தால் அழ வேண்டும். இருந்தால், அந்தப் பெண்ணோடு எங்கேயோ இருக்கிறான் என்று ஊரறியத் தெரிந்துவிடும். தெரியாமலே இருப்பதற்குப் பத்தொன்பது வருஷமாக அவள் பழகியிருந்தாள், தெரிந்துகொண்டு எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்தில் பூவரசுகள் ஆள் உயரம் தாண்டின, மூன்றாம் வருஷம் கிளைவிட்டுக் கைகோத்துக்கொண்டன. வண்டியில் தலைகள் குறைந்துகொண்டே வந்தன, ஊரில் அழுது முடித்தவர்களும் தூங்கி எழுந்தவர்களும் கூடிக்கொண்டே வந்தார்கள். பிள்ளைகள் நிழலிலேயே நடந்தார்கள், நிறுத்தத்துக்கு முன்னாலிருந்த இருபதடி இடைவெளியை மட்டும் மத்தியானம் வீடு திரும்பும்போது பாதம் சுட ஓடிக் கடந்தார்கள். நெடுஞ்சாலையில் இப்போது ஒரு பிள்ளையும் இல்லை. அந்த இடைவெளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை காலில் கொப்புளம் வந்தது, அவ்வளவுதான், ஆனாலும் யாரும் செண்பகவல்லியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஆனி மாதத்தில் ஒருநாள், பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கொடுத்த துணியை வாங்க அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே மேட்டுக்கு வந்தாள். இடைவெளியில் பரமன் நின்றிருந்தான். இரண்டு மூங்கில் கழிகளில் ஜேசிபியின் தார்ப்பாயைக் கட்டி, ஒரு கழியைக் குழியில் ஊன்றி, மற்றதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான், பிள்ளைகள் அதன் அடியில் நடந்து போனார்கள். எட்டு நாற்பது ஆகப் போகிற நேரம் அவன் வடக்கே ஒருமுறை பார்த்துவிட்டுத் தார்ப்பாயைச் சுருட்டிக் கீழே இறக்கினான். வண்டி நிழல் வந்தது, நின்றது, தவசியும் அந்தப் பெண்ணும் வெயிலில் தெளிவாக உட்கார்ந்திருந்தார்கள், கிளம்பிப் போனார்கள். பரமன் மறுபடி தார்ப்பாயை உயர்த்தினான்.

"எத்தனை நாளா இப்படி நிக்க?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

அவன் திடுக்கிட்டான். "வெயில் காலத்துல மட்டுந்தான் மதினி."

"எத்தனை வெயில் காலம்?"

"மூணு." கழியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். "அண்ணன் மேல ஒரு நாளும் நெழல் படவிடல. நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க."

அவன் தோளில் கழி அழுந்திக் கறுத்த காய்ப்பு இருந்தது. மகளைப் பறிகொடுத்தவன் மூன்று கோடையாக ஊரார் பிள்ளைகளுக்குக் கை வலிக்க நிழல் பிடித்திருக்கிறான், அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவளுக்காக இறக்கியும் வைத்திருக்கிறான். செண்பகவல்லிக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது. அவள் நேராகப் பக்கத்து மரத்துக்குப் போய், கைத்தடிமனில் ஒரு கிளையைத் தேர்ந்தாள். "அரிவாளக் கொண்டா" என்றாள்.

போத்தை அவளே ஊன்றினாள், அவளே சாணி உருட்டி வைத்தாள், கடைக்குப் போகும்போது ஒரு குடம் திரும்பும்போது ஒரு குடமாக அவளே தண்ணீர் ஊற்றினாள். தன் புருஷனைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிற மரத்துக்கு ஒருத்தி இப்படித் தண்ணீர் ஊற்றுவாளா என்று கேட்டால், அவள் ஊற்றினாள், நான் பார்த்தேன். பூவரசு பொல்லாத மரம், மூன்றாம் மாதமே இலை காட்டியது. மறு வருஷம் கார்த்திகையில் அதன் நிழல் நான்காம் ஜன்னலுக்கு ஒரு முழம் வடக்கே நின்றது, தையில் ஒரு சாண், மாசியில் நான்கு விரல். மாசி இருபதாம் தேதி காலை, வண்டி வந்து நின்றபோது, நான்காம் ஜன்னல் மர நிழலுக்குள் இருந்தது. கிளம்பியபோது அந்தப் பூ வைத்த தலை இல்லை. தவசி மட்டும் எதிர் இருக்கையைப் பார்த்தபடி போனான்.

எந்த ஊரில் எந்த வீட்டில் யார் அழப்போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டு செண்பகவல்லி கடைக்கு வந்தாள். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் சொருகியது. மிஷின் மேலேயே தலையைச் சாய்த்தாள், பத்தொன்பதும் நான்கும் இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு பகலும் தூங்காதவள், போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் போக, வெயில் தாழும்வரை தூங்கினாள். விழித்தபோது கடை முழுவதும் பிச்சிப்பூ வாசம் அடித்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அன்று வழியனுப்பப் போனபோது நிறுத்தத்தில் தவசி நான்கு முழம் பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்தான், அவனே அவள் தலையில் வைத்தும் விட்டான், "நீயும் வாயேன்" என்று சிரித்தான், அவளும் ஒரு காலைப் படியில் வைத்தாள், கையில் துணி இல்லை பெட்டி இல்லை என்று பிறகு இறங்கிவிட்டாள். இறங்கியதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோது தலையில் பூ இல்லை, ஒரு வாடிய நார் கூட இல்லை, எங்கேயோ விழுந்துவிட்டது என்று விட்டுவிட்டாள்.

ஆக அவன் எவளோடும் போகவில்லை. இவளோடுதான் போயிருக்கிறான், இத்தனை வருஷமும் இவள் முகத்தைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்திருக்கிறான். நான்கு வருஷமாக அவள் சபித்ததெல்லாம் தன் தலையைத்தான்.

மறுநாள் காலை அவள் நேரத்தோடு போய், தன் மரத்தடியில் நின்றாள். பரமனும் மாஸ்டரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வண்டி வந்தது. தனியாக வந்த தவசி, முழங்கை வெளியே நீட்டியபடியே, இலைகளின் நிழல் ஓரத்தில் வந்து நின்றான். அவனை மூட மர நிழலுக்கு இன்னும் நான்கு விரல் தேவைப்பட்டது; அவள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து அந்த நான்கு விரலையும் நிரப்பினாள்.

"எறங்குங்க" என்றாள். "போதும். நான் வந்துட்டேன், நீங்களும் எறங்குங்க."

வண்டி ஆறு பெட்டிகளும் காலியாகத் தெற்கே போனது.

அவள் வீடு போய்ச் சேரவில்லை, தெருமுனை வரைதான் போனாள். அழுகை சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள், "என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் செண்பகவல்லி. "இன்னைக்குத்தான் தவறினாரு."

எப்போது, எங்கே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவளை நடுவில் உட்காரவைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லோரும் அழுதார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அன்று அவள் அடுப்பு எரியவில்லை. மகள் போன பிறகு பரமன் பாதையின் அந்தப் பக்கம், பெரியவல்லத்து எல்லைக்குக் குடிமாறியிருந்தான். அவன் பெண்சாதி சோறு வடித்து, ரசம் வைத்து, சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிறவள் என்பதால் செருப்புப் போடாமல், உச்சி வெயிலில் பாதை வழியாகவே நடந்து வந்து சேர்ந்தாள். வந்ததும் செண்பகவல்லி அழுகைக்கு நடுவே அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது சுடவில்லை.